இரக்கம் மட்டும் போதுமா?

நம்மவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் கடையை விட்டு உத்தியோகத்துக்குப் போகிறேன் என்றால் நாம் முகம் சுளிக்கிறோம். மருத்துவர், வழக்கறிஞர் என்றாலாவது மனம் ஆறுகிறது. "எளியோருக்கான உதவித் திட்டங்களை வகுப்பதும், அவற்றை நடத்தும் அரசாங்க ஊழியர்களைப் பழக்குவதும் என் வேலை" என்று அவன் சொன்னாலோ, "கொடுப்பதற்கும் ஒரு படிப்பா? இரக்கம் இருந்தால் போதாதா?" என்று கேட்டுவிடுகிறோம். இக்கேள்வியைச் சற்றே ஆராய்வோம்.

யுத்தம் முடிந்த மறு வருடம், 1946இல், சிங்கப்பூரில் சமூக நல இலாகா தோன்றியது. உணவுத் தட்டுப்பாடு மிகுந்திருந்த அக்காலத்தில் அது மக்கள் உணவகங்களைத் திறந்து, ஒரு வேளைச் சாப்பாட்டை 35 காசுக்கு அளித்தது. எங்கே திறப்பது, எத்தனை பேருக்குச் சமைப்பது, என்ன விலை வைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டிராவிட்டால் அந்த இரக்கம் சோறாகியிராது. 1947இல் அதே இலாகா நகர மக்களின் வாழ்க்கை நிலையை அளந்தறிய முற்பட்டது. 1952இல் சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகம் சமூக சேவைக்கெனத் தனிப் படிப்பைத் தொடங்கியது. அரசாங்க அதிகாரிகளைப் பயிற்றுவிக்க மலேசியாவில் 1972இல் இன்டான் என்னும் கழகம் எழுந்தது. இரக்கம் இல்லாததால் அல்ல, இரக்கத்துக்கு வழி தெரிய வேண்டும் என்பதாலேயே இவையெல்லாம் வேண்டியிருந்தன.

நாமும் புதிதாக வந்த பையனை முதல் நாளே கல்லாவில் உட்கார வைப்பதில்லை. நிறுக்கவும், வந்தவரிடம் முகங்கொடுத்துப் பேசவும் பழக்கிய பின்னரே பொறுப்பை ஒப்படைக்கிறோம். சரக்கு விற்பதற்கே இவ்வளவு பழக்கம் வேண்டுமானால், மானத்தோடு வாழ்ந்தவர் கையேந்தி நிற்கும் இடத்தில் எவ்வளவு வேண்டும்! கணவனை இழந்த தாய் ஒருத்தியிடம், பலர் காதில் விழும்படி வருமானம் கேட்கும் ஊழியர் பெரும்பாலும் கொடியவர் அல்லர்; கற்றுக்கொடுக்கப்படாதவர். நம்மையும் நாம் கேட்டுக்கொள்வோம். கடை வாசலில் ஏழைகளை வரிசையாக நிற்க வைத்து, ஊரார் பார்க்கச் சில்லறை கொடுக்கும்போது, நம் கை கொடுக்கிறது. அவர்கள் முகம் என்ன இழக்கிறது?

பயிற்சியே மனத்தை மரத்துப்போகச் செய்யாதா எனின், செய்யக்கூடும். "விதியில் இடமில்லை" என்று சொல்லி அனுப்புவதை மட்டுமே கற்றவர், ஒன்றும் கல்லாதவரினும் கடுமையானவர். ஆகவேதான் பயிற்றுவிப்போர் பொறுப்பு பெரிது. ஒரு கடையில் தராசு பிழைத்தால் அக்கடைக்கு வருவோர் மட்டுமே ஏமாறுவர். எடைக்கல் வார்ப்பவன் பிழைத்தாலோ ஊரெங்கும் எடை குறையும். திட்டம் வகுப்பவரும் பயிற்றுவிப்பவரும் எடைக்கல் வார்ப்பவரே. விதியைக் கற்பிக்கும்போதே, விதிக்குள் அடங்காத மனிதர் வந்து நின்றால் அவரை எங்கே அழைத்துச் செல்வது என்பதையும் கற்பிக்காவிட்டால் அந்தப் பயிற்சி குறையுடையதே.

இவ்வேலையின் இலாபம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. தாம் ஒருபோதும் காணாத ஒருவர், எங்கோ ஓர் அலுவலகத்திலிருந்து தலை குனியாமல் வெளியே வருவதே அவர்களுக்குரிய ஆதாயம். நம் பிள்ளை அவ்வழியை நாடினால், "அதில் என்ன கிடைக்கும்?" என்று கேட்டு நிறுத்தாதிருப்போம். போய் வா என்று வாழ்த்துவோம். அவன் கற்று வந்ததை நம் கடை வாசலுக்கும் சொல்லித் தரும்படி கேட்போம்.