கலாத்தியா விரிகுடாவும் முதல் சீலமும்



நாடோறும் நாம் ஓதும் ஐந்து சீலங்களுள் முதலாவது, உயிர்க்கொலை நீக்குவது. "ஆடு வெட்டுவதில்லை, கோழி அறுப்பதில்லை, ஆகவே சீலம் காத்தேன்" என்று நம்மில் அநேகர் மனநிறைவு கொள்கின்றனர். கத்தி எடாமலே உயிரைப் போக்கும் வழிகளும் உள. ஒரு பிராணி ஈனும் இடத்தைப் பறிப்பது அவற்றுள் ஒன்று. இதனைத் தெளிந்துகொள்ள, இந்திய நாட்டின் தென்கோடித் தீவாகிய பெரிய நிக்கோபாரை நோக்குவோம்.

அத்தீவின் தென்பகுதியில் கலாத்தியா என்னும் விரிகுடா உளது. உலகிற் பெரிய ஆமையாகிய தோல்முதுகு ஆமை அங்கு முட்டையிட வருகிறது. இதற்கு மற்றை ஆமைகள்போற் கடின ஓடு இல்லை. தோல் போர்த்த முதுகில் ஏழு வரைகள் ஓடும். சொறிமீனைத் தின்று மாகடல்களைக் கடந்து திரிவது. அந்தமானின் வேறொரு கரையில் அடையாளக் கருவி பொருத்தி விடப்பட்டவை ஆஸ்திரேலியா வரையிலும், ஆப்பிரிக்கக் கரைப்பக்கமும் சென்றன. இத்துணைத் தொலைவு திரிந்தும், முட்டையிடத் தான் பிறந்த கரைப்பகுதியையே நாடுகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அம்மணலை வாரிச் சென்றது. பின்னர்க் கடலே மணலைக் கொணர்ந்து சேர்த்தது. ஆமைகளும் திரும்பி வந்தன.

1997-இல் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட இவ்விரிகுடா, 2021 ஜனவரியில் அந்நிலையினின்று நீக்கப்பட்டது, துறைமுகம் கட்டவேண்டுமாம். விமான நிலையம், மின் நிலையம், புதுநகரம் ஆகியவையும் சேர்ந்த இத்திட்டத்திற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் இசைவும் தரப்பட்டது. சரணம் என்னும் சொல்லை நாளும் மும்முறை ஓதுவோர் நாம். அடைக்கலம் என்று கொடுத்ததைப் பின் மீட்டுக்கொள்வது எத்தகைய செயல் என்று நமக்குப் பிறர் சொல்லித்தரவேண்டுமோ?

வெட்டப்படும் மரங்கள் ஏறத்தாழ 9,64,000 என அரசே மதிப்பிட்டது. அதற்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்களாம்! நிக்கோபாரின் ஆமைக்கு இரயில் ஏறத் தெரியாது. மண்ணும் சருகும் குவித்து, அம்மேட்டின் வெப்பத்தில் முட்டை பொரிக்கவிடும் மெகபோட் பறவையும் அங்ஙனமே. ஆமைகளுக்கு இடர் நேராதபடி காப்போம் என அரசு கூறுகிறது. முட்டையினின்று வெளிப்பட்ட குஞ்சு, இருளில் ஒளி மிகுந்த திசையே கடல் என்று நம்பி ஓடுவது. கரையெங்கும் விளக்கெரியும்போது அது எத்திசை ஓடும்?

"ஆலைத் தொழிலாளியாய் இருந்தவனே தொழிலை எதிர்க்கலாமா? ஏழைக்கு வேலை வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முப்பது ஆண்டுகள் பஞ்சாலையில் நூற்பு இயந்திரத்தின் முன் நின்றவன் நான். ஆலைச் சங்கு ஒலிக்காத நாளில் எங்கள் அடுப்பு எரியவில்லை. அவ்வாலையின் சாயக் கழிவு விழுந்த ஓடையில் தவளைக் குரல் அடங்கியதையும் கேட்டேன். வேலை வேண்டும்; ஐயமில்லை. ஆனால் ஆலையை எங்கு எழுப்புவது என்பதை மனிதன் ஆராய்ந்து தெரிந்தெடுக்கலாம். ஆமைக்கு அத்தெரிவு இல்லை.

மணிமேகலையில் வரும் சாதுவன் கதை நீங்கள் அறிந்ததே. கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றி, நாகர் வாழ் மலையை அடைந்தான். அவ்விடம் நக்கவாரம் என்னும் நிக்கோபாரே என்பாரும் உளர். ஊன் உண்ட நாகர் தலைவனுக்கு அவன், மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளை ஒழித்து வேறெவ்வுயிர்க்கும் தீங்கிழைக்கலாகாது என்று அறம் உரைத்தான். தலைவனும் இசைந்தான். அன்று கரையேறிய ஒரு வணிகன் கொண்டுசென்றது தம்மம்; இன்று நாம் கொண்டுசெல்வதோ மரமறுக்கும் வாள்.

தீவின் நிக்கோபாரிய மக்களையும் மறத்தலாகாது. ஆழிப்பேரலைக்குப் பின் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்ட அவர்கள், தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்பவே விரும்பினர். அவர்களுடைய பழங்குடி மன்றம், முன்னர் அளித்த இசைவை 2022 நவம்பரில் மீட்டுக்கொண்டது. "வேறிடம் தருகிறோம்" என்ற சொல்லை, ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட நம் முன்னோர் எத்தனை முறை கேட்டனர்!

1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தந்த 22 உறுதிமொழிகளுள், எல்லா உயிரிடத்தும் கருணை கொண்டு அவற்றைக் காப்பேன் என்பதும் ஒன்று. கொல்லேன் என்பதோடு அது நிற்கவில்லை, காப்பேன் என்கிறது. ஆதலால், வரும் பௌர்ணமியன்று மைத்திரி தியானம் முடிந்தபின், புதுதில்லியிலுள்ள சுற்றுச்சூழல் அமைச்சகத்திற்கு வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். எழுத்தறியாத பெரியோர் கைந்நாட்டு இடலாம்.