ஐயத்தோடு நடப்பவர்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதியில் சென்னையின் தென்பகுதிச் சாலைகளில் காவியுடை தரித்தோர் கூட்டம் கூட்டமாக நடந்து செல்வதைக் காண்கிறோம். ஒரு சாரார் பெசன்ட் நகரில் 1972-ஆம் ஆண்டு எழுந்த அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்திற்கு, 29-ஆம் நாள் கொடியேற்றத்தைக் காணச் செல்கின்றனர். மற்றொரு சாரார் மாதா சுரூபம் தாங்கிய சிறு தேரை இழுத்துக்கொண்டு, 300 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள நாகை மாவட்டத்து வேளாங்கண்ணிக்கே நடக்கின்றனர். வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியலிலும் நடந்து, பகலில் மரநிழலில் இளைப்பாறும் அக்கூட்டத்தில் கிறிஸ்தவரும் உண்டு. பிற சமயத்தவரும் உண்டு. இவர்கள் எல்லாரும் விசுவசித்துத்தான் நடக்கிறார்களா? விசுவாசம் தளர்ந்த ஒருவர் இவர்களோடு சேர்ந்து நடந்தால் அதைத் திருப்பயணம் என்று அழைக்கலாமா, அல்லது வேடம் என்று ஒதுக்க வேண்டுமா?

வேளச்சேரியில் வாழ்வோருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி ஆகாது. ஏரியும் வயலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இப்பகுதி, சில பத்தாண்டுகளுக்குள் அடுக்குமாடிகளின் ஊராகிவிட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் பெருகப் பெருக, நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குமரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இளைஞர்கள் இங்கே குடியேறினர். அவர்கள் விட்டு வந்த ஊர்களில் விசுவாசம் காற்றைப் போன்றது. கோவில் மணி நாளைப் பகுத்தது. மாலைச் செபமாலை குடும்பத்தைக் கூட்டியது. ஆண்டுக்கொரு முறை சப்பரம் தெருவுக்கு வந்தது. இங்கோ எதிர்வீட்டாரின் பெயரும் தெரியாது. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் வேளையில் ஞாயிறு திருப்பலியின் மணி அடிக்கிறது. விசுவாசத்தை நூல்களைப் படித்து ஆராய்ந்து மறுத்தவர்கள் இவர்களில் சிலரே. பெரும்பாலோரிடம் அது புழங்காத பாத்திரத்தைப் போல் மங்கிக் கிடக்கிறது.

இத்தகைய இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்து பார்ப்போம். அவருக்கு வேலை கிடைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவார் என்று ஊரிலுள்ள தாய் நேர்ந்துகொண்டார். வேலையும் கிடைத்துவிட்டது. மகனுக்கோ செபிக்கவே நா எழவில்லை. தாயின் மனத்தை நோகச் செய்யவும் அவருக்கு விருப்பமில்லை. நம்பாத ஒன்றை நம்புவது போல் நடிக்கவும் மனமில்லை. அவர் நடக்கலாமா?

கண்டிப்பான பக்தர் ஒருவர், கூடாது என்பார். உதட்டால் போற்றி உள்ளத்தால் விலகி நிற்போரை ஆண்டவர் கடிந்துகொண்டதை அவர் எடுத்துக் காட்டுவார். பகுத்தறிவு பேசும் நண்பரும் வேறொரு வழியில் அதே முடிவுக்கு வருவார்: நம்பிக்கை இல்லையென்றால் நேர்மையாக விலகி நில் என்பார். இருவரும் ஒன்றை எடுகோளாகக் கொள்கின்றனர். விசுவாசத்தை முழுமையாகப் பெற்றவரே பயணம் தொடங்கத் தகுதியுடையவர் என்பதே அது. இந்த எடுகோள் சரியா?

வேளச்சேரிக்கு மேற்கே பரங்கிமலை, வடக்கே சின்னமலை, அதற்கும் அப்பால் மயிலையில் சாந்தோம் பேராலயம். மூன்றும் ஒரே திருத்தூதரின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமையாரின் கல்லறையை நாடிக் கிறிஸ்தவர்களும் இசுலாமியர்களும் திருப்பயணமாக வந்ததையும், அவ்விடத்து மண்ணை நோயாளிகளுக்கு மருந்தாக எடுத்துச் சென்றதையும் எழுதி வைத்தார். ஆக, இந்நகரின் பழைய திருப்பயணங்களுள் ஒன்று, ஐயம் கொண்ட சீடர் ஒருவரின் கல்லறையை நோக்கியதாகும்.

தோமையாரை யோவான் நற்செய்தி மும்முறை பேசவைக்கிறது. ஆண்டவர் யூதேயாவுக்குச் செல்லத் துணிந்தபோது, நாமும் சென்று அவரோடு மடிவோம் என்ற கருத்தில் உடன் சீடர்களை அழைத்தவர் அவரே. ஆண்டவர் போகுமிடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று இறுதி இராவுணவின்போது கேட்டவரும் அவரே. எல்லாம் புரிந்துகொண்டு அவர் நடக்கவில்லை என்பது இவற்றால் விளங்குகிறது. மூன்றாவது நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அதில் ஒரு சிறு செய்தியை மட்டும் எளிதில் கடந்துவிடுகிறோம். உயிர்த்த ஆண்டவர் முதல் முறை வந்தபோது தோமையார் அங்கு இல்லை. பிறர் சொன்னதை அவர் ஏற்கவும் இல்லை. எனினும் எட்டு நாள்களுக்குப் பின் அவர் அதே வீட்டில் அதே சீடர்களோடு இருக்கிறார். நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று எவரும் அவரை வெளியேற்றவில்லை. நம்பாத எனக்கு இங்கே இடமில்லை என்று அவரும் போய்விடவில்லை. தம் ஐயத்தை மறைத்து, நானும் நம்புகிறேன் என்று பொய்யாகத் தலையசைக்கவும் இல்லை. வேடம் என்பது ஐயத்தை மூடிப் பூசுவது. தோமையார் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கூடவே இருந்தார். அந்த எட்டு நாள்களும் அவருடைய திருப்பயணம் என்றே கொள்ளலாம். விசுவாசம் அதன் முடிவில்தான் வந்தது.

இங்கே மற்றொரு தடை எழும். தாய் செய்த நேர்ச்சை கடவுளோடு செய்த பேரம் அல்லவா? வேலை கொடு, நடக்கிறேன் என்பது வணிகம் அல்லவா? தொடக்க நூலில் யாக்கோபும் பெத்தேலில் இப்படித்தான் நேர்ந்துகொண்டார். அண்ணனுக்கு அஞ்சி ஓடிய அவர், தமக்கு உணவும் உடையும் தந்து நலமாகத் திரும்பக் கொணர்ந்தால் ஆண்டவரைத் தம் கடவுளாக ஏற்பதாக நிபந்தனை விதித்தார். அந்த வாக்கைக் கடவுள் இகழவில்லை. ஆனால் ஆண்டுகள் பல கழித்து அவர் திரும்பி வரும் வழியில், இரவு முழுதும் ஒருவர் அவரோடு மற்போர் புரிந்தார். விடிந்தபோது யாக்கோபு ஆசி பெற்றவராகவும் நொண்டி நடப்பவராகவும் இருந்தார். பேரமாகத் தொடங்கிய உறவு காயத்தில் முதிர்ந்தது. நேர்ச்சை தொடக்கமாக இருக்கலாம். அங்கேயே நின்றுவிடுவதுதான் குறை.

பேரமாகவே நின்றுவிடும் பக்திக்கு ஒரு கடுமையான சோதனை வந்ததை நாம் மறக்கவியலாது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கரையில் ஏறியபோது, நேர்ச்சை செலுத்த வந்திருந்தோரும் கடை விரித்துப் பிழைத்தோருமாக நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். நாகை மாவட்டத்தில் இறந்தோர் 6,000-க்கும் மேற்பட்டோர். பேராலயத்திற்குள் தண்ணீர் புகவில்லை. அதைப் புதுமை என்று பலர் போற்றினர். நன்றியுணர்வைக் குறை கூற வேண்டியதில்லை. ஆயினும் கரையில் தன் குழந்தையைப் பறிகொடுத்த தாயின் முன் நின்று அச்சொல்லைச் சொல்ல நம்மால் இயலுமா? அவரும் அன்னையை நாடித்தானே வந்தார்? துயருற்றவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விசுவாசம் இன்னும் நிறைவு பெறவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

இங்கேதான் தோமையார் கேட்டது நமக்கு விளங்குகிறது. மாட்சியோடு வரும் ஆண்டவரையோ புதுமையையோ அவர் கேட்கவில்லை. ஆணிகளின் தழும்பையும் விலாவின் காயத்தையும் கேட்டார். சிலுவையில் நேர்ந்த கொடுமையை மூடி மறைக்கும் உயிர்ப்பை அவர் ஏற்க மறுத்தார். ஆண்டவரும் காயங்களோடேயே வந்து, தொட்டுப் பார் என்றழைத்தார். தோமையார் தொட்டதாக நற்செய்தி கூறவில்லை. காயங்களை மறைக்காத ஆண்டவரைக் கண்டதே அவருக்குப் போதுமாயிற்று. அலை வந்த அக்கரைக்கு இன்று நடந்து செல்லும் திருப்பயணி, இறந்தோரை மறவாமல் சென்றால், விடை தெரியாத தம் கேள்வியையும் காணிக்கையாகவே ஏந்திச் செல்கிறார்.

விடை தெரியாத ஒருவர் எதைப் பற்றிக்கொண்டு நடப்பார்? பிறர் இட்ட வழியைப் பற்றிக்கொண்டு. ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தம் சொந்தச் செலவில் மர்மலாங் பாலத்தைக் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகளையும் அமைத்துத் தந்தார். அப்பாலத்தின் இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. தாம் அறியாத மனிதரின் கால் வலியை எண்ணிக் கல் பரப்பிய அவருடைய விசுவாசம், இன்று ஐயத்தோடு மலையேறுபவரையும் தாங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நடப்போருக்குத் தண்ணீரும் மோரும் நீட்டுவோர், நம்புபவர் யார், நம்பாதவர் யார் என்று விசாரிப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கியபோது, மீனவர்கள் தம் படகுகளைக் கொணர்ந்து நகரத்தாரை மீட்டனர். பெயர் தெரியாத அண்டை வீட்டார் அன்று ஒரே மாடியில் உணவைப் பகிர்ந்துகொண்டனர். தன்னந்தனியே முயன்று பெற முடியாத ஒன்றை இத்தகைய நேரங்களில் மனிதர் ஒருவரிடமிருந்து ஒருவர் பெறுகின்றனர். விசுவாசமும் இவ்வாறே கைமாறி வருவது. பயணம் செய்யும் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் நம்மை அழைத்ததன் பொருளும் இதுவே: முன்னே செல்பவரும் பின்தங்குபவரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

எனவே அந்த இளைஞர் நடக்கலாம். ஆனால் நடிக்க வேண்டா. செபமாலை சொல்ல நா எழாவிட்டால் மௌனமாக நடக்கட்டும். பின்தங்கும் முதியவரின் மூட்டையைச் சுமக்கட்டும். பயணம் முடிந்தும் ஐயம் தீராமல் போகலாம். அதையும் தாயிடம் உண்மையாகச் சொல்லட்டும். தாயும் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும்: நேர்ந்துகொண்டவர் தாமே என்பதால், மகனை அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பதைவிட, இயன்ற தொலைவு அவரோடு நடப்பது நலம்.

நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 2025-ஆம் யூபிலி ஆண்டில், எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்ற பெயரை நாமனைவரும் ஏற்றோம். அடுத்த ஆகஸ்டில் நம் பங்கிலிருந்து ஒரு கூட்டம் புறப்படும்போது, ஞாயிறு திருப்பலிக்கு ஆண்டுக்கணக்காக வராத ஒருவர் கூச்சத்தோடு வந்து வரிசையின் கடைசியில் நிற்கக்கூடும். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று எவரும் அவரைக் கேட்க வேண்டா. தோமையார் எங்கே போயிருந்தார் என்பதைச் சீடர்கள் விசாரித்ததாக நற்செய்தியில் இல்லை. அவருக்கும் ஒரு காவித் துண்டைக் கொடுத்து, தேர்க்கயிற்றில் ஓரிடம் விடுவோம்.