அடிநீர் எங்கே போகிறது

படகு எஞ்சினுக்குக் கீழே, நடக்கும் பலகைக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் நடுவில், எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்த இடத்துக்கும் அங்கே தேங்கும் நீருக்கும் பில்ஜ் என்று பெயர். தமிழில் அடிநீர் எனலாம். ப்ரொப்பெல்லர் தண்டு வெளியேறும் துவாரத்தில் சொட்டும் நீர், மழைத் தண்ணீர், செருப்போடு ஏறிய சேறு, கசிந்த ஆயில், டீசல் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். படகின் குறுக்குச் சட்டங்களில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். நீர் அவற்றின் வழியே தாழ்ந்த மூலைக்கு ஓடிவந்தால்தான் பம்ப் அதை இறைக்க முடியும். ஒரு துளையைச் சருகு அடைத்துக்கொண்டால் பம்ப் வெறுமனே ஓடும், நீர் வேறு மூலையில் நாறும்.

சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் எஞ்சினானால் இணைப்பைத் தொடும் முன்பே பலகைகளைத் திறந்து வைத்துக் காற்றாட விடுவது கட்டாயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு பொறி பட்டால் போதும். அடுத்து, துடைப்பதற்கு முன் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிறகுதான் மிதக்கும் எண்ணெயை உறிஞ்சு துணியால் ஒற்றி எடுப்பது. பெங்களூரின் அல்சூர் ஏரி போன்ற நன்னீரில் உப்பு அரிப்புக்குப் பயமில்லை. அதற்குப் பதில் பாசியும் பிளாஸ்டிக் உறையும் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் போகும் வழியை அடைக்கும்.

இதில் பலரும் செய்யும் தவறு, எண்ணெயை எடுக்காமலே சோப்புத் தூளைக் கொட்டுவது. சோப்பு எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீரோடு கலந்துவிடும். மேலே மினுமினுத்த வானவில் படலம் மறையும், அடிநீர் வெறும் பால் நிறக் கலங்கலாகத் தெரியும். எண்ணெய் எங்கும் போகவில்லை. எளிதில் பிரித்தெடுக்க முடியாதபடி ஆகிவிட்டது, அவ்வளவுதான். பம்பைப் போட்டதும் அது ஏரிக்குப் போகும். படகு சுத்தம்.

இந்த இடத்தில் வேலை சமயக் கேள்வியாக மாறுகிறது. ஆயுத பூஜை நாளான மகாநவமியன்று பெங்களூரில் பட்டறை முதல் ஆட்டோ ஸ்டாண்ட் வரை எல்லா இயந்திரமும் கழுவப்பட்டு, சந்தனம் குங்குமம் வைக்கப்படும். கழுவுவது பூஜைக்கு முன்னேற்பாடா, அதுவே பூஜையா என்பது பழைய விவாதம். சைவ நாயன்மாரான அப்பர் பக்கம் நின்றால் விடை எளிது: பதிகம் பாடியவர் கையில் உழவாரமும் இருந்தது, கோயில் முற்றத்தில் புல் செதுக்கியதும் வழிபாடுதான். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. கழுவி எடுத்த அழுக்குக்கு யார் பொறுப்பு? ஆயுத பூஜையன்று வண்டிக்குத் திருஷ்டி கழித்த பூசணிக்காயை நடுச்சாலையில் உடைக்கிறார்கள். வண்டிக்காரரின் கண்ணேறு கழிந்தது. பின்னால் வரும் ஸ்கூட்டர் அதில் வழுக்குகிறது.

மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் வெளிவந்த நூலில், அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருள் என்ற கருத்தை விரித்துரைத்தார். எஞ்சினுக்குள் ஆயில் உயிர், அடிநீரில் அழுக்கு. தூய்மைச் சடங்குகளைப் புரிந்துகொள்ள இது உதவும். ஆனால் அழுக்கை இன்னொருவர் இடத்துக்குத் தள்ளுவது சரியா என்பதற்கு இதில் பதில் இல்லை.

சைவ சித்தாந்தம் இங்கே கூடுதல் கண்டிப்பானது. உயிரைப் பற்றிய ஆணவ மலத்தைச் செம்பின் களிம்போடு அது ஒப்பிடும். அதன் பார்வையில் களிம்பு வெளியிலிருந்து ஒட்டிய தூசி அல்ல, செம்போடு கூடவே இருப்பது. 13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் மரபில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (மலம் முதலிய கட்டு) மூன்றும் அநாதி, தொடக்கமில்லாதவை. முத்தியிலும் மலம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே ஒடுங்குகிறது. அழுக்கை இல்லாமல் ஆக்கிவிடலாம் என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. சோப்புத் தூள் வித்தை இந்தத் தத்துவத்துக்கு முன் நிற்காது: கண்ணுக்குத் தெரியாமல் போனதும் ஒடுங்கியதும் ஒன்றல்ல. நீராடலையும் ஆசாரத்தையும் கேலி செய்த சித்தர் சிவவாக்கியர் உள்ளழுக்கை மட்டும் பார்க்கச் சொன்னார் என்று சிலர் வாதிடலாம். ஆனால் திருக்குறள் 298-ஆம் பாட்டில் புறத் தூய்மையை நீரிடமும் அகத் தூய்மையை வாய்மையிடமும் ஒப்படைக்கிறது. புறம் கழுவியதாகப் பொய் சொல்பவனுக்கு இரண்டுமே இல்லை என்று அதிலிருந்து கொள்ளலாம்.

பெருங்கப்பல்களுக்கு, கழுவிய அழுக்குக்கான இந்தப் பொறுப்பைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் மார்ப்போல் சர்வதேச ஒப்பந்தப்படி அவை வெளியேற்றும் அடிநீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஏரிப் படகுக்கு எண்ணெயைப் பிரிக்கும் கருவியெல்லாம் தேவையில்லை. எஞ்சினுக்கு அடியில் ஒரு சொட்டுத் தட்டு, உறிஞ்சு துணி, மூடியுள்ள ஒரு கேன் போதும். பழைய ஆயில் இந்திய விதிகளில் அபாயக் கழிவு; உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியது.

கேனுக்குப் போகாதது போகும் வழியைச் சொல்லிவிடலாம். 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்த அல்சூர் ஏரி மூடிய தொட்டி அல்ல. அதன் உபரி நீர் மழைநீர்க் கால்வாய் வழியே பெல்லந்தூர் ஏரிக்கு இறங்குகிறது. நுரை பொங்கி, தீயும் பிடித்த ஏரி அது. அங்கிருந்து வர்த்தூர், பிறகு தென்பெண்ணை. ஒசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையோடு தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஆறு, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் மிதந்து வந்து ஏறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பமும் அந்தக் கடலூர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது.