உத்தரவு போட்டவர் எங்கே?

“சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை” என்று ஊரே ஒரு பையனை மெச்சும்போது, யார் சொன்ன பேச்சு, என்ன பேச்சு என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் கேட்டார். 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில், நினைவாற்றல் ஆராய்ச்சி என்று பொய் சொல்லி, பஸ் காசோடு நாலரை டாலர் கொடுத்து ஆட்களை வரவழைத்தார். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் சுவிட்சைத் தட்டி ‘ஷாக்’ கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 சுவிட்சுகள். ஷாக் நிஜமில்லை, வாங்குபவர் நடிக்கிறார். தட்டுகிறவருக்கு அது தெரியாது. 300 வோல்ட்டில் சுவரை இடிக்கும் சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் உணர்ச்சியே இல்லாமல் “தொடருங்கள்” என்கிறார். 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்சு வரை போனார்கள்.

கொடூரர்களா இவர்கள்? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 40 பேரைக் கூப்பிட்டு, எத்தனை வோல்ட் என்பதை அவரவர் விருப்பத்துக்கே விட்டார். கடைசி வரை போனது ஒரே ஒருவர். பிறகு கோட்டுக்காரரை வெளியே அனுப்பி, தொலைபேசியில் உத்தரவு போட வைத்தார். இப்போது முடிவு வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். சிலர் “கூட்டிவிட்டேன் சார்” என்று போனில் சொல்லிவிட்டு, சின்ன சுவிட்சையே தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொய்யர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இனி நம் கீழ்பென்னாத்தூர் பக்கம் வருவோம். செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதல்முறையாகப் போய்ப் பொங்கல் வைத்தது 2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, போலீஸ் பாதுகாப்போடு. ஒரே பள்ளியில் படித்த இரண்டு இளைஞர்கள் சமூக ஊடகத்தில் மோதிக்கொண்ட பிறகுதான் விவகாரமே வெளியே வந்தது. அதே ஆண்டு ஜனவரி 30-ல் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் தலித் மக்கள் கோயிலுக்குள் போக மாவட்ட ஆட்சியரே நேரில் வர வேண்டியிருந்தது. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்ததோ 1947-ல்.

மில்கிராமின் அறையில் கோட்டுக்காரர் வெளியே போனதுமே கீழ்ப்படிதல் சரிந்தது. இங்கே உத்தரவு போட்டவர் செத்துப் பல தலைமுறை ஆகிறது. பெயர் தெரியாது, முகம் தெரியாது, எழுதிவைத்த ஒரு காகிதம் கிடையாது. கீழ்ப்படிதல் மட்டும் அப்படியே இருக்கிறது. தனியாகக் கேட்டுப் பாருங்கள்: “எனக்கு ஒண்ணுமில்லீங்க, ஊரு ஒத்துக்கணுமே” என்பார்கள். ஒவ்வொருவரும் இதையே சொன்னால், ஒத்துக்கொள்ளாத அந்த ஊர் எங்கேதான் இருக்கிறது? அம்மன் கோபித்துக்கொள்வாள் என்பவர்களுக்கு ஒரு தகவல்: அன்றைக்கு மாரியம்மன் எழுந்து போய்விடவில்லை.

போலீஸைப் பார்த்து வழிவிட்டதால் மனம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பழைய கோட்டு போய்க் காக்கி வந்திருக்கலாம். ஆனால் சட்டத்திடம் காரணம் கேட்கலாம், பிடிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். வழக்கத்தை எந்தக் கோர்ட்டில் நிறுத்தி, ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்பது?

மில்கிராமை 1964-லேயே டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் கண்டித்தார். நம்பி வந்தவர்களை ஏமாற்றி, வியர்த்து நடுங்க வைத்தது தவறு என்றார். நியாயம்தான். இன்று அதே சோதனையை அப்படியே நடத்த எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. பங்கேற்பவரின் ஒப்புதல் வேண்டும், பாதியில் விலகும் உரிமை வேண்டும், முடிந்ததும் முழு உண்மையைச் சொல்ல வேண்டும். எந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதன் ஒப்புதலைக் கேட்டோமா? பெரியவனானபின் விலகினால் சும்மா விடுகிறோமா? ‘அந்தத் தீட்டு பொய்யப்பா, ஷாக்கே கிடையாது’ என்று கடைசியிலாவது யாராவது வந்து சொல்கிறோமா?

மில்கிராம் செய்த இன்னொரு மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சு தட்டும் இடத்தில் கூட இரண்டு பேரை உட்கார வைத்து, அவர்களை ஒருவர் பின் ஒருவராக “இனி முடியாது” என்று எழ வைத்தார். அதைப் பார்த்தபின் 450 வோல்ட் வரை போனவர்கள் 40-ல் 4 பேர்தான்.

அடுத்த திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் போடுவார்கள். “இந்த வழக்கத்தைச் சொன்னது யார், எதற்காகச் சொன்னார்?” என்று எழுந்து கேளுங்கள். முதல் ஆளாக எழத் தயக்கமாக இருந்தால், எழுந்தவரோடு இரண்டாவது ஆளாகவாவது எழுந்து நில்லுங்கள்.