மறந்துவிடும் கதாநாயகன்

சிறுவர் கதைகளில் கதாநாயகனைக் கண்டுபிடிப்பது எளிது. வில்லனைக் கண்டுபிடிப்பது அதைவிட எளிது. நல்லவன் யார், கெட்டவன் யார் என்று தெரியாமல் திண்டாடுவதெல்லாம் பெரியவர்கள் படிக்கும் நாவல்களில்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். ஜே. எம். பாரியின் 'பீட்டர் பான்' கதையைக் கவனத்தோடு படித்தவர்கள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள்.

1904-ல் லண்டனில் நாடகமாக அரங்கேறி, 1911-ல் நாவலாக வெளிவந்த கதை அது. பீட்டர் வளர மறுத்த சிறுவன், பறக்கத் தெரிந்தவன். வெண்டி என்ற சிறுமியையும் அவளுடைய இரு தம்பிகளையும் ஒரு மாயத் தீவுக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே அவனுடைய பகைவன் கடற்கொள்ளைத் தலைவன் ஹுக். ஹுக்கின் வலக் கையை வெட்டி முதலைக்கு எறிந்தவன் பீட்டர். கை இருந்த இடத்தில் இப்போது ஓர் இரும்புக் கொக்கி.

ஹுக் கொடியவன் என்பதில் ஐயமில்லை. தன்மேல் இடித்து ஆடையைக் கசக்கிவிட்டான் என்பதற்காகத் தன் ஆள் ஒருவனையே கொன்று போடுகிறான். தூங்குகிற பீட்டரின் மருந்தில் நஞ்சைக் கலக்கிறான். ஆனால் அவனை அரிக்கும் கவலை ஒன்று உண்டு. பெரிய பள்ளியில் படித்தவன் அவன். கண்ணியம் என்று அங்கே கற்றதை மறக்க முடியவில்லை. 'நான் கண்ணியமாக நடந்துகொண்டேனா?' என்று தனிமையில் தன்னையே கேட்டுக்கொள்கிறான். தன் கையாளான ஸ்மீயிடம் குழந்தைகள் பிரியமாக ஒட்டிக்கொள்வதைப் பார்த்து, தான் கண்ணியமானவன் என்பதையே அறியாத கண்ணியம் அல்லவா இவனுடையது என்று பொறாமைப்படுகிறான்.

ஹுக் நினைத்தது சரிதானா? தன்னை அறியாத நன்மைதான் உயர்ந்த நன்மையா?

இதற்கு விடை பீட்டரிடம் இருக்கிறது. கடல் நடுவே ஒரு பாறையில் இருவரும் சந்திக்கிறார்கள். ஹுக் தன்னைவிடத் தாழ்வான இடத்தில் நிற்பதைக் கண்டு, இது நியாயமான சண்டை ஆகாது என்று பீட்டர் கை கொடுத்து ஏற்றிவிட முயல்கிறான். நீட்டிய கையை ஹுக் கடித்துவிடுகிறான். பீட்டர் திகைத்து நிற்கிறான். வலி அவனுக்குப் பெரிதல்ல. அநியாயந்தான் அவனைச் செயலறச் செய்துவிடுகிறது. முதல் அநியாயத்தைச் சந்தித்த எந்தக் குழந்தையும் மீண்டும் பழைய குழந்தையாக இருப்பதில்லை. பீட்டர் மட்டும் இருக்கிறான். ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அதை மறந்துவிடுகிறான்.

என்ன அழகான மனம் என்று நமக்குத் தோன்றுகிறது. பகையை நெஞ்சில் வைத்துக்கொள்ளாதவன்! ஆனால் கதையின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள். ஓர் ஆண்டு கழித்து வெண்டி ஹுக்கைப் பற்றிப் பேச்செடுக்கிறாள். 'அது யார்?' என்கிறான் பீட்டர். கொன்றவர்களை அவன் நினைவில் வைத்துக்கொள்வதில்லையாம். அவனுக்காக நஞ்சைக் குடித்த தேவதைப் பெண் டிங்கர் பெல்லின் பெயரும் அவனுக்கு நினைவில்லை!

இங்கேதான் நம் உள்ளம் சற்றுத் துணுக்குறுகிறது. கடியை மறந்தவன் பகைவனை மன்னித்துவிட்டான் என்று சொல்ல முடியுமா? மன்னிப்பவனுக்குக் காயம் நினைவில் இருக்க வேண்டும். நன்றி செலுத்துகிறவனுக்கு உதவி நினைவில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவனைக் கள்ளங்கபடமற்றவன் என்று சொல்லலாம். நல்லவன் என்று எப்படிச் சொல்வது? ஹுக்கை வென்ற பிறகு அவனுடைய உடைகளிலிருந்து தனக்கொரு உடை தைக்கச் செய்து போட்டுக்கொண்டு, ஆட்காட்டி விரலைக் கொக்கிபோல் வளைத்துப் பிடித்துக்கொண்டு பீட்டர் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு அது விளையாட்டு. அந்த விளையாட்டில் எவ்வளவு தூரம் போகலாம் என்று அவனைத் தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் இல்லை என்பதுதான் அச்சம் தருகிறது.

அப்படியானால் நினைவு மட்டும் இருந்தால் போதுமா? ஹுக்குக்கு நினைவு ஏராளமாக இருக்கிறது. இழந்த கை, படித்த பள்ளி, தன் பெயர், தன் பெருமை எல்லாம் தன்னைப் பற்றியவை. அவன் கொன்றவர்கள் அவன் நினைவில் வருவதே இல்லை.

இக்கதையில் மூன்றாவது மனிதர் ஒருவர் இருக்கிறார்: வெண்டியின் தந்தை டார்லிங். வீண் பெருமைக்காரர். குழந்தைகளைக் காத்துவந்த நாயை அவர் கோபத்தில் வெளியே கட்டிப்போட்ட இரவில்தான் குழந்தைகள் பறந்து போய்விட்டார்கள். 'என்னால்தான்' என்று அவர் அந்த நாயின் கூண்டுக்குள்ளேயே குடிபுகுந்து, குழந்தைகள் திரும்பும் வரை அதிலேயே வாழ்கிறார். பார்ப்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஊராரும் முதலில் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

1904-ல் நாடகம் நடந்தபோது டார்லிங்காகவும் ஹுக்காகவும் நடித்தவர் ஜெரால்டு டு மோரியே என்ற ஒரே நடிகர். எந்தக் காரணத்தால் அப்படி அமைந்திருந்தாலும், பொருத்தமான ஏற்பாடு. பிறர் தனக்குச் செய்த தீங்கை மறக்காதவன் ஹுக். தான் பிறருக்குச் செய்த தீங்கை மறக்காதவர் டார்லிங். இரண்டையும் மறந்தவன் பீட்டர்.

குழந்தைகள் பீட்டருக்காகக் கை தட்டட்டும்; அது அவர்கள் உரிமை. அவர்களுக்குக் கதை படித்துச் சொல்லும் நாம், நாய்க் கூண்டுக்குள் குனிந்து நுழையும் அந்த மனிதரைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.