சுழல்வது வீடா, நானா?



விடியற்காலையில் ஒருவர் பாயை விட்டு எழுகிறார். எழுந்ததும் கூரையும் சுவரும் சுழல்கின்றன, குமட்டல் உண்டாகிறது. "ஐயோ, வீடு சுற்றுகிறதே!" என்று அலறுகிறார். வீடோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இவர் பொய் சொன்னாரா? இல்லை. நடந்ததைச் சொன்னாரா? அதுவும் இல்லை. பொய் சொல்லாமலே ஒரு மனிதன் உண்மைக்கு மாறாகச் சாட்சி கூறக்கூடுமா? இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

இத்தகைய தலைசுற்றலுக்கு உட்செவியின் அழற்சி ஒரு காரணம். உட்செவியில் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. தலை திரும்பும்போது அதை மூளைக்கு அறிவிப்பவை இவையே. இரு செவிகளும் தராசின் இரு தட்டுகளைப்போல் ஒத்து நிற்கும் வரையில் நாம் நிலை தவறுவதில்லை. நுண்கிருமியால் ஒரு செவி அழற்சியுற்றால் அப்பக்கத்துச் செய்தி குன்றும், தட்டு சாயும். அசையாமல் படுத்திருப்பவனும் தான் சுழல்வதாகவே உணர்வான்.

முற்காலத்து மருத்துவர்கள் இதை மூளைக்கோளாறு என்றே எண்ணினர். 1861-ல் பாரிஸ் நகரத்து மருத்துவர் பிராஸ்பர் மெனியர், குற்றம் உட்செவியிலும் இருக்கலாம் என்று எடுத்துரைத்தார். பின்னர் வியன்னாவில் ராபர்ட் பாரானி என்பவர், செவிக்குள் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினாலே தலை சுற்றுவதை ஆராய்ந்து, 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார். பார்த்தீர்களா? உலகமே சுழல்கிறதென்று சுகதேகியையும் எண்ணவைக்கச் சிறிது தண்ணீர் போதும்!

ஆகையால், நிச்சயமாகத் தோன்றுவதெல்லாம் உண்மையாகிவிடாது. கோபம் தலைக்கேறும்போது, "எல்லாரும் எனக்கு விரோதி" என்று தோன்றுகிறதல்லவா? அப்பொழுது, சுழல்வது வீடா, நானா என்று கேளுங்கள். நிலையாய் நிற்பவர் சொல்லுக்குச் செவிகொடுங்கள்.

ஆனால் நோயாளியின் தவறு வீட்டைப்பற்றியது மட்டுமே. அவர் படும் வேதனை முழு உண்மை. காய்ச்சலில்லை, காயமில்லை என்பதற்காக, "வேலைக்குப் பயந்து வேஷம் போடுகிறாள்" என்று வீட்டுப் பெண்ணைப் பழிப்பது அவள் கூற்றைவிடப் பெரிய பொய்யாகும்.

வைத்தியரிடம் காட்டுங்கள். காது திடீரெனக் கேளாமற்போனாலும், பேச்சு குழறினாலும், கைகால் வலுவிழந்தாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கடுமை தணிந்தபின் படுத்தே கிடக்கலாகாது. மெல்ல நடக்க நடக்கத்தான் மூளை சமநிலையை மீண்டும் பழகிக்கொள்ளும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அந்நாட்களில் அவருக்கு உங்கள் விவாதம் வேண்டாம். பிடித்துக்கொள்ள உங்கள் தோள் வேண்டும்.