கொடுமணலின் கல்வட்டங்களும் உயிரோடிருப்போர் கடமையும்

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்த எலிஹு யேலின் சிறு மகன் டேவிடும் ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரும் அடக்கமாகியிருக்கிற பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறையை, வாகனங்கள் நிறுத்துவதற்குப் பல அடுக்குக் கட்டடம் எழுப்ப இடம் வேண்டியிருப்பதை முன்னிட்டு, வேறிடத்துக்குப் பெயர்த்து வைக்குமாறு 2023 ஜூன் மாதத்தில் தனி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். 1921 முதல் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். வழக்கின் சட்ட நுட்பங்கள் நீதிமன்றத்துக்கு உரியவை; அவற்றில் நாம் தலையிட வேண்டியதில்லை. ஆனால் அச்செய்தியை வாசித்தவர்களுள் பலர், ‘எங்கிருந்தோ வந்து நம்மை ஆண்டவனுடைய பிள்ளையின் எலும்புக்கு நம் மண்ணில் இத்தனை மரியாதை எதற்கு?’ என்று வெகு எளிதாகக் கேட்டார்களே, அந்தக் கேள்விதான் சஞ்சலம் தருகிறது. கிடப்பவன் நம்மவனா என்று விசாரித்துவிட்டுக் கல்லறையைக் காப்பது தர்மமாகாது. அது வெறும் உறவு பாராட்டல்.

நம்மவர் என்று எவ்விதச் சந்தேகமுமின்றி உரிமை கொண்டாடத்தக்கவர்களின் மயானத்தையாவது நாம் எவ்வாறு போற்றுகிறோம் என்று பார்ப்போம். காங்கேயத்துக்கு வடக்கே, சென்னிமலைக்குத் தென்மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. கபிலரும் அரிசில் கிழாரும் பதிற்றுப்பத்தில் அணிகலத் தொழிலுக்காகப் பெயர் சொல்லிப் போற்றிய கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் துணிபு. படியூரின் பச்சைக்கல்லையும் சிவன்மலைப் பக்கத்து நீலக்கல்லையும் அறுத்துத் துளையிட்டு மணியாக்கி, இரும்பை உருக்கி எஃகு செய்து, பானை ஓடுகளில் தம் பெயர்களைத் தமிழி எழுத்தில் கீறி வைத்த மக்கள், தாம் குடியிருந்த நிலத்தைக் காட்டிலும் விரிந்த பரப்பைத் தம்முள் மாண்டவர்களுக்கு ஒதுக்கினார்கள். ஊர் சுமார் 15 ஹெக்டேர். ஈமக்காடு சுமார் 40 ஹெக்டேர். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகள் இந்த விவரங்களை உலகறியச் செய்தன. பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி அமைத்த கல்லறை, அதன் ஒரு பலகையில் வட்டமாகக் குடைந்த இடுதுளை, மேலே மூடுகல், சுற்றிலும் உருண்டைப் பாறைகளின் வட்டம் என்று ஒவ்வொன்றும் பலருடைய தேக சிரமத்தால் எழுந்தது. ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. சூதுபவளம் இந்தப் பக்கத்துக் கல்லன்று, கூர்ஜர தேசத்திலிருந்து வரவேண்டியது. அத்தனை தூரத்திலிருந்து வந்த பொருளை விற்றுக் காசாக்காமல் மண்ணுக்குள் வைத்து மூடியவர்கள் பேதைகள் அல்லர்.

இதற்கு நம் நூல்களே பிரமாணம். இல்வாழ்வான் செய்யவேண்டிய கடமைகளைக் கணக்கிடும்போது வள்ளுவர் தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் முன்னே நிறுத்துகிறார். தொல்காப்பியர் நடுகல்லுக்குரிய கல்லைக் காண்பதிலிருந்து அதை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை வகுக்கிறார். ஒரு கல்லுக்கு இத்தனை சடங்கா என்று அவர் காலத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பகைவரைத் தடுத்து வீழ்ந்தவனுடைய நடுகல்லை அன்றி வேறு கடவுள் இல்லை என்று துணிந்து சொல்கிறார் மாங்குடி கிழார். சோழன் கிள்ளிவளவன் மாண்டபோது, அவன் புகழுக்கு ஏற்ற தாழியை வனைவதற்கு எவ்வளவு மண் வேண்டியிருக்குமோ என்று ஐயூர் முடவனார் குயவனுக்காக இரங்குகிறார். அதே புறநானூற்றில், கணவனை வழியில் இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யும்படி கலம் செய்பவனிடம் வேண்டுகிறாள். எரிப்பதையும் புதைப்பதையும் தாழியில் கவிப்பதையும் ஒரே மயானத்தில் அடுத்தடுத்து நடப்பனவாக மணிமேகலை வருணிக்கிறது. முறைகள் பலவாயினும் சிரத்தை ஒன்று. இவ்வளவையும் மேடையில் முழங்கிவிட்டு, கல்வட்டத்துப் பாறையை வெடி வைத்துப் பிளந்து ஜல்லியாக்குவோமானால், நாம் படித்த படிப்புக்குப் பொருள் என்ன?

அகழ்வோரும் இந்தத் தர்மத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 1876-இல் ஆதிச்சநல்லூர் ஈமத் தாழிகளைத் திறந்த ஜெர்மானியர் ஜாகோர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அக்காலத்தில் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். அதே ஊரில் 2023-இல், தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்துத் தாழிகளை அவை இருந்த இடத்திலேயே காணும்படி செய்திருக்கிறார்கள். பிரேதத்தின் நித்திரையைக் கலைத்தே ஆகவேண்டுமென்றால் இந்த மட்டிலாவது மரியாதை செய்தல் நியாயம்.

உயிரோடிருப்பவனுக்கு நிலம் வேண்டும், பிழைப்பு வேண்டும் என்பாரும் உளர், அதுவும் மெய்யே. பட்டா நிலத்தில் கல்வட்டம் கிடக்கும் குடியானவன் அதனால் நஷ்டமடைவானாயின் சர்க்கார் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. ஆயினும் ஜீவனோபாயம் என்ற சொல்லை முன்னிறுத்தி இந்தச் சீமையில் எதைத்தான் விட்டுவைத்தோம்? பாசனத்துக்கென்று 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கொடுமணலுக்கு வெகு அருகில்தான் இருக்கிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அதில் தேங்கி, கிணறுகளும் தென்னைகளும் பாழாகி, 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லும் வரைக்கும் பிழைப்பு என்ற அதே வாதம்தான் நொய்யல் நதியின் நாசத்துக்கும் சமாதானமாக ஒலித்தது.

ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய எலும்புக்காக உருகிவிட்டு, அண்டை வீட்டுப் பிணத்தை மறிப்பதும் நம் நாட்டில் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கத்தில், மயானத்துக்குப் போகும் வழி மறுக்கப்பட்டதால், தாழ்த்தப்பட்டவர் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியைக் கண்டு கூசாதவர் கொடுமணலைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்.

காங்கேய நாட்டில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் உண்டு. கிளுவை வேலி சூழ, வெள்வேல மரம் நிழல் தர, கொழுக்கட்டைப் புல் படர்ந்து, காங்கேயம் மாடுகள் மேய்ந்து திரியும் அந்த நிலத்தில் ஏர் ஓடுவதில்லை. ஆகையால் பூமிக்கு மேல் தலைகாட்டும் பாறைவட்டம் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தப்பிக் கிடக்க முடிகிறது. கொறங்காடு மனைக்கட்டாகவோ மில்லாகவோ கைமாறும் நாளில் மாடும் போகும், கல்லும் போகும். இவ்விரண்டையும் சேர்த்தே காப்பாற்றுவதுதான் விவேகம். 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டடம் எழும்பாமல் 2010-இன் திருத்தத்தின் மூலம் தடுக்கிறது. மாநிலத்துக்கு 1966-இன் சட்டம் இருக்கிறது. ஆனால் அறிவிக்கப்படாத கல்வட்டத்துக்கு இவற்றால் அனுகூலம் ஒன்றுமில்லை. ஆகவே கிராம நிர்வாக அலுவலரும் தொல்லியல் துறையினரும் சேர்ந்து நடந்து பார்த்து, கல்வட்டம் உள்ள சர்வே எண்களை அடங்கலிலேயே குறித்துவைக்க வேண்டும். கொறங்காட்டை உழாமலும் விற்காமலும் வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்க வேண்டும். முதல் நடையை ஆடிப் பட்டத்து உழவு தொடங்குமுன் முடித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மழை விழுந்தபின் வாடகை டிராக்டர் எவருக்காகவும் காத்திருப்பதில்லை.